ஒரே நூலாகும் முன்பு: பழங்கால யூத சமயத்தின் பிரிவுகளும் திருநூல்களும்

தமிழில் அச்சாகும் விவிலியங்களை எடுத்துப் பார்த்தால், சீர்திருத்தச் சபையினர் வைத்திருப்பதில் பழைய ஏற்பாட்டு நூல்கள் 39 இருக்கும். கத்தோலிக்கர் வைத்திருப்பதில் 46 இருக்கும். யூதரிடம் கேட்டால் தங்கள் திருநூல்கள் 24 என்பார்கள். இவற்றுள் 39-க்கும் 24-க்கும் உள்ள வேறுபாடு எண்ணும் முறையால் மட்டுமே வந்தது. பன்னிரண்டு சிறிய இறைவாக்கு நூல்களையும் யூதர் ஒரே ஏடாகக் கொள்வர். சாமுவேல், அரசர்கள், குறிப்பேடு ஆகியவற்றை இரண்டிரண்டாகப் பிரிப்பதில்லை. எஸ்ராவையும் நெகேமியாவையும் சேர்த்து ஒன்றாகவே எண்ணுவர். கணக்குப் போட்டால் 39, 24-இல் வந்து நிற்கும். ஆனால் 46 என்ற எண் அப்படிப்பட்டதல்ல. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு என ஏழு முழு நூல்கள் ஒன்றில் உள்ளன, மற்றொன்றில் இல்லை.

இதைப் பற்றிப் பேசும்போது ஒரு சாரார் "அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள்" என்பர். மறு சாரார் "இவர்கள் நீக்கிவிட்டார்கள்" என்பர். சேர்ப்பதற்கும் நீக்குவதற்கும் முன்பே, எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு முழு நூல் இருந்தது என்ற எண்ணம் இரு பேச்சுக்கும் அடியில் இருக்கிறது. பழங்கால யூத சமயத்தில் அப்படி ஒரு நூல் நெடுங்காலம் இருக்கவில்லை. தோல் சுருள்கள் பல இருந்தன; அவற்றைப் போற்றிய கூட்டங்களும் பல இருந்தன. அந்தக் கூட்டங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தது பெரும்பாலும் நூல்களின் பட்டியல் அன்று. எந்த இடத்தில் பலியிடுவது, எந்த நாளில் திருவிழா கொண்டாடுவது, எது தீட்டு என்பவையே அவர்களைப் பிரித்தன. இதை மனத்தில் கொண்டால் மற்றவை எளிதாக விளங்கும்.

காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கி.மு. 586-இல் பாபிலோனியர் எருசலேமையும் அதன் கோயிலையும் அழித்து, மக்களில் ஒரு பகுதியினரை நாடுகடத்தினர். கி.மு. 539-இல் பாரசீக மன்னன் சைரஸ் பாபிலோனைப் பிடித்த பின் பலர் திரும்பினர், கி.மு. 515 வாக்கில் இரண்டாவது கோயில் எழுந்தது. பாரசீகருக்குப் பின் கிரேக்கர், சிறிது காலம் யூதர்களே ஆண்ட அஸ்மோனியர் அரசு, கி.மு. 63 முதல் உரோமர் என ஆட்சிகள் மாறின. கி.பி. 70-இல் உரோமப் படை அந்தக் கோயிலை இடித்தது. இடைப்பட்ட ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகளையே "இரண்டாம் கோயில் காலம்" என்பார்கள்.

நைல் நதித் தீவில் ஒரு கோயில்

எகிப்தின் தெற்கு எல்லையில், நைல் நதியின் நடுவில் எலிபன்டைன் என்ற தீவு இருக்கிறது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் அங்கே பாரசீக அரசுக்குப் பணிபுரிந்த யூதப் படைவீரர்கள் தங்கள் குடும்பங்களுடன் குடியிருந்தனர். அவர்கள் அரமேய மொழியில் எழுதிய கடிதங்கள், திருமண ஒப்பந்தங்கள், கணக்குகள் ஆகியவை பாப்பிரசுத் தாள்களில் கிடைத்துள்ளன. யூதர்களின் அன்றாட வாழ்வைப் பற்றி அவர்களே எழுதிவைத்த இவ்வளவு பழமையான ஆவணத் தொகுதி வேறெங்கும் இல்லை எனலாம்.

அந்தத் தீவில் அவர்களுக்கு ஒரு கோயில் இருந்தது. தொழுகைக்கூடம் அன்று, பலிபீடம் கொண்ட, குருக்கள் பணிபுரிந்த கோயில். கி.மு. 410-இல், க்னூம் என்ற எகிப்தியக் கடவுளின் பூசாரிகள் உள்ளூர்ப் பாரசீக அதிகாரியின் துணையோடு அதை இடித்துவிட்டனர். கி.மு. 407-இல் யூதர்களின் தலைவரான யெதனியாவும் குருக்களும் யூதேயாவின் ஆளுநருக்கு எழுதிய விண்ணப்பத்தின் நகல் நமக்குக் கிடைத்திருக்கிறது. தாங்கள் சாக்கு உடுத்தி நோன்பிருப்பதையும், இதற்கு முன் எருசலேமின் தலைமைக் குருவுக்கு எழுதியும் பதில் வராததையும் அதில் குறிப்பிடுகிறார்கள். சமாரியா ஆளுநரின் மகன்களுக்கும் எழுதியிருப்பதாகத் தெரிவிக்கிறார்கள். கோயிலைத் திரும்பக் கட்டலாம் என்று விடை வந்தது. தானியப் படையலும் தூபமும் செலுத்தலாம் என்று அது கூறியது. விலங்குப் பலியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இணைச் சட்டம் (உபாகமம்) என்ற நூலின் 12-ஆம் அதிகாரம், கடவுள் தேர்ந்துகொள்ளும் ஒரே இடத்தில் மட்டுமே பலியிட வேண்டும் என்று வற்புறுத்துகிறது. எலிபன்டைன் யூதர்களோ தங்கள் கோயில் அந்தக் கட்டளைக்கு முரணானது என்ற கூச்சம் சிறிதும் இல்லாமல், எருசலேமின் தலைமைக் குருவிடமே உதவி கேட்டிருக்கிறார்கள். கோயிலுக்காகத் திரட்டிய காணிக்கைக் கணக்கு ஒன்றில், யாஹோ என்று அவர்கள் அழைத்த இஸ்ரயேலின் கடவுளோடு, அனாத்-பெத்தேல், எஷெம்-பெத்தேல் என்ற தெய்வப் பெயர்களுக்கும் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அனாத்-பெத்தேலுக்கு ஒதுக்கிய தொகை யாஹோவுக்கு ஒதுக்கியதைவிடச் சிறிதே குறைவு. அத்தீவில் இலக்கியம் என்று கிடைத்தவற்றுள் அகிகார் என்ற அறிஞனின் கதையும் பழமொழிகளும் உண்டு. மோசேயின் சட்டநூலிலிருந்து ஓர் ஏடும் கிடைக்கவில்லை. கிடைக்காததை வைத்து இல்லை என்று தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் அந்தக் கடிதங்களில் எங்கும் "சட்டநூலில் எழுதியிருக்கிறபடி" என்ற பேச்சே வராதது கவனிக்கத்தக்கது. அவர்கள் தங்களை யூதர் என்றே அழைத்துக்கொண்டார்கள். ஓய்வுநாளும் பாஸ்கா என்னும் விடுதலைத் திருவிழாவும் அவர்கள் ஆவணங்களில் வருகின்றன. யூதராக வாழ்வதற்குத் திருநூல் ஒன்று கையில் இருந்தே ஆக வேண்டும் என்ற நிலை அப்போது எல்லா இடத்திலும் வந்திருக்கவில்லை என்று நான் புரிந்துகொள்கிறேன்.

ஓர் எழுத்தில் அடங்கிய வழக்கு

இதே காலத்தில் யூதேயாவில் தோரா என்னும் ஐந்து நூல்கள் மெல்ல நடுவிடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. தொடக்க நூல், விடுதலைப் பயணம், லேவியர், எண்ணிக்கை, இணைச் சட்டம் என்பவை அவை. தோரா என்ற எபிரேயச் சொல்லுக்குச் சட்டம் என்பதைவிடப் படிப்பினை, வழிகாட்டல் என்ற பொருளே நெருக்கமானது. எருசலேமின் தண்ணீர் வாயில் முன்பு எஸ்ரா என்ற குரு அதை மக்களுக்கு உரக்கப் படித்ததையும், கேட்பவர்களுக்கு விளங்கும்படி கோயில் பணியாளரான லேவியர் பொருள் சொன்னதையும் நெகேமியா நூலின் 8-ஆம் அதிகாரம் விவரிக்கிறது. படிப்பதும் பொருள் சொல்வதும் ஒன்றாகவே நடந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். பிற்காலப் பூசல்கள் பெரும்பாலும் அந்தப் பொருள் சொல்லும் வேலையில்தான் பிறந்தன.

எருசலேமுக்கு வடக்கே வாழ்ந்த சமாரியரும் இதே தோராவையே திருநூலாகக் கொண்டவர்கள். அவர்களுக்கு வேறு திருநூல் கிடையாது. அவர்கள் கோயில் கெரிசீம் மலைமேல் இருந்தது. இருவரும் ஒரே நூலைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மலைகளை எப்படிச் சுட்டினார்கள் என்று கேட்கலாம். தோராவில் எருசலேம் என்ற பெயர் சொல்லப்படவே இல்லை. "ஆண்டவர் தேர்ந்துகொள்ளும் இடம்" என்றுதான் இணைச் சட்டம் திரும்பத் திரும்பக் கூறுகிறது. யூதர்களின் எபிரேயப் படியில் அது எதிர்காலம்: இனிமேல் தேர்ந்துகொள்ளப்போகும் இடம், ஆகவே பின்னாளில் வந்த எருசலேமைக் குறிக்கலாம். சமாரியரின் படியில் அது இறந்தகாலம்: ஏற்கெனவே தேர்ந்துகொண்ட இடம், ஆகவே முன்னோர் வழிபட்ட கெரிசீம். எபிரேயத்தில் இந்த இரண்டு வினைவடிவங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு யோத் என்ற ஒரே எழுத்து. எபிரேய எழுத்துகளிலேயே மிகச் சிறியது அது. எந்த வடிவம் முந்தியது என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

கி.மு. 110-ஐ ஒட்டி, யூதேயாவை ஆண்ட அஸ்மோனியத் தலைவர் யோவான் இர்க்கான் கெரிசீம் கோயிலை அழித்தார். அதற்குப் பின் இரு தரப்பும் ஒன்றாகச் சேரவில்லை. ஏறத்தாழ 800 சமாரியர் இன்றும் வாழ்கிறார்கள். ஆண்டுதோறும் கெரிசீம் மலையில் பாஸ்கா ஆட்டைப் பலியிடுகிறார்கள். எருசலேமை ஏற்ற யூதர்களுள்ளும் கோயில் ஒன்றுதான் இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் எருசலேமிலிருந்து எகிப்துக்குச் சென்ற ஒனியா என்ற தலைமைக் குருமரபினர், அங்கே லியொந்தோபொலிஸ் என்ற ஊரில் ஒரு கோயில் கட்டினார். எருசலேம் கோயில் இடிக்கப்பட்டுச் சில ஆண்டுகள் கழித்து உரோமர் மூடும்வரை அதில் வழிபாடு நடந்தது.

நாளும் நீரும்

பரிசேயர், சதுசேயர், எசேனியர் என்ற பெயர்களைப் புதிய ஏற்பாட்டைப் படித்தவர்களும் வரலாறு படித்தவர்களும் கேட்டிருப்பார்கள். கி.பி. 37-இல் பிறந்த யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ் இம்மூன்றையும் யூதர்களின் மூன்று தத்துவப் பள்ளிகள் என்று கிரேக்க வாசகர்களுக்கு அறிமுகம் செய்கிறார். ஊழை முழுதும் ஏற்பவர் எசேனியர், முழுதும் மறுப்பவர் சதுசேயர், இடையில் நிற்பவர் பரிசேயர் என்று அவர் பிரித்துக் காட்டுவது, தத்துவம் பேசிப் பழகிய கிரேக்கருக்காகச் செய்த ஒப்பனை என்றே படுகிறது. பரிசேயர் 6,000-க்கு மேல், எசேனியர் 4,000-க்கு மேல் என்பவை அவர் தரும் எண்ணிக்கைகள். யூதேயாவில் வாழ்ந்த பெரும்பாலான உழவரும் மீனவரும் இந்தக் குழுக்கள் எதிலும் உறுப்பினர் அல்லர் என்பது இதிலிருந்தே விளங்கும்.

சதுசேயர் கோயில் குருக்களோடும் செல்வக் குடும்பங்களோடும் நெருங்கியவர்கள். எழுதப்பட்ட சட்டம் மட்டுமே தங்களைக் கட்டுப்படுத்தும் என்றார்கள். இறந்தோர் உயிர்த்தெழுவர் என்பதை ஏற்கவில்லை. பரிசேயர் எழுதப்பட்ட சட்டத்தோடு முன்னோர் வாய்வழியாக ஒப்படைத்த மரபையும் ஏற்றார்கள், உயிர்த்தெழுதலை நம்பினார்கள். இவற்றைப் பாடநூலைப் போல மனப்பாடம் செய்வதைவிட, அவர்கள் மோதிய இரண்டு இடங்களைப் பார்த்தால் பிரிவு எப்படிப்பட்டது என்று நன்றாகப் புரியும்.

ஒன்று நாளைப் பற்றியது. பாஸ்காவை ஒட்டி வரும் "ஓய்வுநாளுக்கு மறுநாள்" தொடங்கி ஏழு வாரங்களை எண்ணி, ஐம்பதாம் நாள் அறுவடைத் திருவிழாவைக் கொண்டாட வேண்டும் என்று லேவியர் நூலின் 23-ஆம் அதிகாரம் கூறுகிறது. பெந்தெகொஸ்து என்று பின்னாளில் பெயர் பெற்ற திருவிழா இதுதான். இங்கே ஓய்வுநாள் என்பது எது? வழக்கமான சனிக்கிழமை என்று கொண்டால், எண்ணிக்கை எப்போதும் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். சதுசேயரை ஒட்டிய போயேத்துசியர் என்ற குழுவினர் அப்படித்தான் கொண்டார்கள். பாஸ்காவின் முதல் நாளே ஓய்வுநாள் என்று கொண்டால், வாரத்தின் எந்த நாளிலும் எண்ணிக்கை தொடங்கலாம். பரிசேயர் மரபு அது. இரு தரப்பும் அதே சுருளின் அதே வரியைத்தான் படித்தார்கள். ஆனால் ஒருவர் திருவிழாக் கொண்டாடும் நாளில் மற்றவர் வயலில் வேலை செய்துகொண்டிருப்பார்.

மற்றது நீரைப் பற்றியது. தீட்டில்லாத பாத்திரத்திலிருந்து தீட்டுப்பட்ட பாத்திரத்தில் நீரை ஊற்றுகிறோம். ஊற்றும்போது விழும் தாரை இரண்டையும் ஒரு கணம் இணைக்கிறது. அந்தத் தாரை வழியே தீட்டு மேலேறி முதல் பாத்திரத்தையும் பற்றிக்கொள்ளுமா? ஏறாது என்றார்கள் பரிசேயர். ஏறும் என்றார்கள் சதுசேயர். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டத் தொகுப்பு இந்த வாதத்தைப் பதிவு செய்திருக்கிறது. வேடிக்கையான சண்டை என்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் கிடைத்த ஓர் ஆவணத்தில், மிஷ்னாவுக்குச் சுமார் மூன்று நூற்றாண்டுகள் முன்பே, இதே தாரை வாதம் இடம்பெற்றிருக்கிறது. தாரை தீட்டைக் கடத்தும் என்று கூறும் அந்த எழுத்து, இவை போன்ற காரணங்களால் தாங்கள் மக்கள் திரளிலிருந்து பிரிந்து வந்துவிட்டதாகவும் சொல்கிறது. கோயிலில் நடக்கும் வழிபாடே தீட்டுப்பட்டுவிட்டது என்று ஒரு குழு முடிவு கட்ட, ஒரு குவளைத் தண்ணீர் போதுமானதாக இருந்திருக்கிறது.

குகைகளில் இருந்தவை

அந்தக் குகைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். 1947-ஐ ஒட்டி, ஆடு மேய்த்த பெதுயீன் இளைஞர் ஒரு குகையில் சாடிகளுக்குள் தோல் சுருள்களைக் கண்டார். 1956-க்குள் பதினொரு குகைகளில் சுருள்கள் கிடைத்தன; பல்லாயிரம் துண்டுகளை இணைத்துப் பார்த்ததில் 900-க்கு மேற்பட்ட நூற்படிகள் தேறின. அவற்றை எழுதியும் சேர்த்தும் வைத்த குழுவினர் எசேனியர் அல்லது அவர்களுக்கு நெருங்கியவர்கள் என்பது பெரும்பான்மை அறிஞர் கருத்து. எசாயா நூலின் 66 அதிகாரங்களும் கொண்ட ஒரு சுருள் ஏழு மீட்டருக்கு மேல் நீளமுள்ளது. அதுவரை தெரிந்திருந்த எபிரேயப் படிகளைவிட ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையானது.

முதலில் கவனிக்க வேண்டியது, ஒரே நூலுக்கு வெவ்வேறு வடிவங்கள் அருகருகே இருந்தன என்பது. தாவீது வீழ்த்திய கோலியாத்தின் உயரத்தைப் பலரும் அறிவர்: ஆறு முழமும் ஒரு சாணும், ஏறத்தாழ ஒன்பதரை அடி. கும்ரானின் நான்காம் குகையில் கிடைத்த சாமுவேல் படியில் அவன் உயரம் நான்கு முழமும் ஒரு சாணும்தான். ஆறே முக்கால் அடி. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும் யோசேபுஸும் இந்தச் சிறிய அளவையே தருகிறார்கள். அரக்கன் வெறும் உயரமான மனிதனாகிவிடுகிறான். எரேமியா நூலில் வேறுபாடு இன்னும் பெரிது. கிரேக்கத்தில் அது எபிரேயத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. அதிகாரங்களின் வரிசையும் வேறு. மொழிபெயர்த்தவர்கள் வெட்டிவிட்டார்கள் என்று முன்பு கருதப்பட்டது. குறுகிய வடிவத்தைக் கொண்ட எபிரேயத் துண்டே கும்ரானில் கிடைத்ததும் அந்தப் பழி நீங்கியது. குறுகிய எரேமியாவும் நீண்ட எரேமியாவும் ஒரே குகையில் இருந்தன. அதனால் அக்குழுவினர் கலங்கியதாகத் தெரியவில்லை.

அடுத்து, இன்றைய யூதப் பட்டியலில் இல்லாத நூல்கள் அங்கே பெருமதிப்போடு இருந்தன. ஏனோக்கின் பெயரால் வழங்கும் நூல்களின் அரமேயப் படிகள் பதினொன்று கிடைத்தன. வானதூதர்கள் மனிதப் பெண்களோடு கூடியதால் உலகில் தீமை புகுந்தது என்ற கதை அவற்றில் ஒன்றில் வருகிறது. தொடக்க நூலின் 6-ஆம் அதிகாரத்தில் நாலு வரியில் முடிந்துபோகும் செய்தியை அது பெருங்கதையாக விரிக்கிறது. யூபிலிகள் என்ற நூல், சீனாய் மலையில் ஒரு வானதூதர் மோசேக்குச் சொல்லி எழுதவைத்ததாகத் தன்னை அறிமுகம் செய்துகொண்டு, உலகப் படைப்பிலிருந்து கதையைத் திருப்பிச் சொல்கிறது. அதன் படிகளும் பத்துக்கு மேல் உள்ளன. குறிப்பேட்டு நூலுக்கோ ஒரு சிறு துண்டுதான் தேறியது. எஸ்தர் நூல் கிடைக்கவே இல்லை. கோயில் சுருள் என்று இன்று அழைக்கப்படும் நூலில், தோராவில் மோசே வாய்வழியாக வரும் கட்டளைகள் பல, "நான்" என்று கடவுளே நேராகப் பேசுவதாக மாற்றி எழுதப்பட்டுள்ளன. எழுதியவர் இதைப் பொய்யென்று நினைத்திருக்க முடியாது; வெளிப்பாடு இன்னும் முடிந்துவிடவில்லை என்று நம்பியவர் கை அது.

திருப்பாடல் சுருள் ஒன்றின் கடைசிப் பகுதியில் ஒரு கணக்கு இருக்கிறது. தாவீது இயற்றியவை மொத்தம் 4,050. அவற்றுள் அன்றாடப் பலிக்கு ஆண்டின் எல்லா நாளுக்கும் 364 பாடல்கள், ஓய்வுநாள்களுக்கு 52 பாடல்கள் என்கிறது அது. ஆண்டுக்கு 364 நாள் என்பதில்தான் குழுவின் அடையாளம் ஒளிந்திருக்கிறது. எருசலேம் கோயில் நிலவைக் கொண்டு மாதங்களைக் கணித்தது. பன்னிரண்டு மாதத்துக்கு 354 நாள், அவ்வப்போது ஒரு மாதம் கூடுதல். கும்ரான் குழுவும் யூபிலிகள் நூலும் 364 நாள் ஆண்டைக் கொண்டன. 364 என்பது சரியாக 52 வாரம். ஆகவே ஒவ்வொரு திருவிழாவும் ஆண்டுதோறும் அதே கிழமையில் வரும். தாவீதே இந்த நாட்காட்டிக்குப் பாட்டெழுதினார் என்று சொல்லிவிட்டால் பிறகு வாதத்துக்கு இடமில்லை அல்லவா! அபகூக்கு நூலுக்கு அவர்கள் எழுதிய உரையில், "தீய குரு" என்பவர் தங்கள் "நீதியின் ஆசிரியரை" அவர் தங்கியிருந்த இடத்துக்கே, பாவக்கழுவாய் நாளில், தேடிவந்து துன்புறுத்தினார் என்று வருகிறது. அது நோன்பும் ஓய்வுமாகக் கழிக்க வேண்டிய நாள். கோயில் குரு அன்று பயணம் செய்யவே கூடாது. அந்தக் குருவுக்கு அன்று பாவக்கழுவாய் நாளாக இருக்கவில்லை என்பதே இதற்குச் சொல்லப்படும் இயல்பான விளக்கம்.

கிரேக்கம் பேசிய யூதர்

எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் பெருந்தொகையான யூதர் வாழ்ந்தனர். சில தலைமுறைகளில் அவர்கள் மொழி கிரேக்கமாகிவிட்டது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் தோரா கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டது. எகிப்தை ஆண்ட தாலமி மன்னரின் வேண்டுகோளுக்காக எருசலேமிலிருந்து 72 அறிஞர்கள் வந்து 72 நாளில் முடித்தார்கள் என்று பின்னால் ஒரு கதை எழுந்தது; எழுபதின்மர் பெயர்ப்பு என்ற பெயர் அதனால் வந்தது. பணி நடந்ததாகச் சொல்லப்பட்ட பாரோஸ் தீவில் யூதர்கள் ஆண்டுதோறும் விழா எடுத்ததாக, கி.பி. முதல் நூற்றாண்டில் அந்நகரில் வாழ்ந்த பிலோ எழுதுகிறார். மொழிபெயர்ப்பாளர்களையே இறைவாக்கினருக்கு ஒப்பாக அவர் பேசுகிறார். அதாவது கிரேக்கப் பெயர்ப்பு அவர்களுக்கு இரண்டாம் தரப் படி அன்று, அதுவே திருநூல்.

தோராவுக்குப் பின் மற்ற நூல்களும் ஒவ்வொன்றாகக் கிரேக்கத்துக்கு வந்தன. சில நூல்கள் வரும்போது வளர்ந்தும் வந்தன. எபிரேய எஸ்தரில் கடவுள் என்ற சொல்லே இல்லை. கிரேக்க எஸ்தரில் மன்றாட்டுகள் சேர்ந்துள்ளன. சாலமோனின் ஞானம் போன்றவை நேராகக் கிரேக்கத்திலேயே எழுதப்பட்டன. கிரேக்கம் பேசிய முதல் கிறிஸ்தவர்கள் இந்தத் தொகுதியைத் தங்கள் பழைய ஏற்பாடாக ஏற்றனர். தொடக்கத்தில் சொன்ன 46 என்ற எண்ணுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

கைகளைத் தீட்டாக்கும் நூல்கள்

கி.பி. 70-இல் கோயில் விழுந்தபோது, கோயிலையே நம்பியிருந்த சதுசேயர் காலப்போக்கில் மறைந்தனர். கும்ரான் குடியிருப்பு அதற்குச் சற்று முன்பே, கி.பி. 68-ஐ ஒட்டி அழிந்தது. பரிசேயர் மரபை ஒட்டி வந்த ரபிக்கள் என்னும் சட்ட ஆசிரியர்கள் எஞ்சினர். அவர்கள் யாவ்னே என்ற ஊரில் மாமன்றம் கூட்டித் திருநூல் பட்டியலை முடிவு செய்தார்கள் என்று பழைய கையேடுகள் பல எழுதின. கிரேட்ஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் 1871-இல் முன்வைத்த ஊகம் அது. அப்படி ஒரு மன்றம் கூடியதற்குச் சான்று இல்லை என்று இன்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். ரபிக்களிடம் நமக்குக் கிடைப்பது தீர்மானம் அன்று, விவாதம்.

அந்த விவாதத்தில் அவர்கள் "திருமுறை" போன்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. "இந்த நூல் கைகளைத் தீட்டாக்குமா?" என்றுதான் கேட்டார்கள். புனித நூலைத் தொட்டால் கை தீட்டாகும், புனிதமற்ற நூலைத் தொட்டால் ஒன்றும் ஆகாது என்பது அவர்கள் விதி. தீட்டு என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் இருக்கும் கசப்பான சாதிப் பொருளை இங்கே கொண்டுவரக் கூடாது. பிறப்பால் ஒருவரைத் தாழ்த்துவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. புனிதமான ஒன்றைக் கவனமின்றிக் கையாளாமல் இருக்க இட்ட வேலி இது. இந்த விதி தோன்றிய காரணத்தை, மிஷ்னாவுக்கு விரிவுரையாக எழுந்த தால்முத் இப்படிச் சொல்கிறது: குருக்களுக்குரிய புனிதத் தானியத்தை, "இதுவும் புனிதம், அதுவும் புனிதம்" என்று தோராச் சுருள்களோடு சேர்த்து வைத்தார்கள், சுருள்களுக்குச் சேதம் வருவதைக் கண்டதும் தொட்டால் தீட்டு என்று விதித்துவிட்டார்கள். தானியம் இருக்கும் இடத்தில் எலி வருவதைச் சொல்லவா வேண்டும்?

சதுசேயருக்கு இது பிடிபடவில்லை. கிரேக்கக் கவிஞர் ஓமரின் நூல்கள் கையைத் தீட்டாக்காதாம், நம் திருநூல்கள் தீட்டாக்குமாம், இது என்ன நியாயம் என்று அவர்கள் குறைசொன்னதாக மிஷ்னா பதிவு செய்கிறது. கழுதையின் எலும்பு தீட்டில்லை, தலைமைக் குருவின் எலும்பு தீட்டு என்பதை நீங்களும் ஏற்கிறீர்களே என்று திருப்பிக் கேட்டாராம் ரபி யோகனான் பென் சக்காய். எதன்மீது அன்பு மிகுதியோ அதற்கே தீட்டு என்பது அந்த வாதத்தின் முடிவு.

இனிமைமிகு பாடலும் சபை உரையாளரும் (உன்னதப்பாட்டும் பிரசங்கியும்) இந்த வரிசையில் சேருமா என்று ரபிக்கள் வாதிட்டார்கள். ஒன்று வெளிப்படையான காதல் பாட்டு. மற்றது எல்லாம் வீண் என்கிறது. ரபி அக்கிவா பொறுக்கவில்லை: எல்லா நூல்களும் புனிதம், இனிமைமிகு பாடலோ புனிதத்திலும் புனிதம் என்றார். எசேக்கியேல் நூல் தோராவோடு முரண்படுவதால் அதை ஒதுக்கிவைக்க நினைத்தபோது, அனனியா பென் எசேக்கியா என்பவர் மாடியறையில் உட்கார்ந்து விளக்கெரிக்க 300 சாடி எண்ணெய் செலவாகும்வரை படித்து முரண்களைத் தீர்த்தாராம். எண்ணிக்கை மிகை என்றாலும், ஒரு நூலைக் காப்பாற்ற ஒருவர் பட்ட பாடு அதில் தெரிகிறது.

அக்காலத்திலேயே எண்களும் நிலைக்கத் தொடங்கின. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் யோசேபுஸ் 22 நூல்கள் என்றார். ஏறத்தாழ அதே காலத்தில் எஸ்ராவின் பெயரால் எழுதப்பட்ட ஒரு வெளிப்பாட்டு நூல், எஸ்ரா நாற்பது நாள் சொல்லச் சொல்ல ஐந்து எழுத்தர்கள் 94 நூல்களை எழுதினர் என்கிறது. அவற்றுள் 24 நூல்களை எல்லாரும் படிக்க வெளியிடலாம். 70 நூல்களை அறிஞருக்கு மட்டும் மறைத்துவைக்க வேண்டும் என்பது அவருக்குக் கிடைத்த ஆணை. 24 என்ற எல்லை அதை எழுதியவருக்குத் தெரியும். ஆனால் எல்லைக்கு வெளியே இருந்தவற்றைத் தாழ்ந்தவை என்று அவர் கருதவில்லை. ஞானத்தின் ஊற்றே அந்த 70-இல்தான் என்றார்.

எல்லைக்கு வெளியே நின்ற நூல்களின் விதி ஒன்றுபோல் அமையவில்லை. ஏனோக்கும் யூபிலிகளும் முழுமையாக எஞ்சியது எத்தியோப்பியத் திருச்சபையில், அந்நாட்டின் பழைய மொழியான கீஸில்தான். சீராக்கின் கதை வேறு. எருசலேமில் கி.மு. 180 வாக்கில் பென் சீரா எபிரேயத்தில் எழுதிய நூல் அது; அவர் பேரன் எகிப்துக்கு வந்து அதைக் கிரேக்கத்தில் பெயர்த்து, "சட்டமும் இறைவாக்குகளும் அவற்றைத் தொடர்ந்த மற்றவையும்" என்று முன்னோர் நூல்களை முன்னுரையில் குறிப்பிடுகிறார். மூன்றாம் பகுதிக்கு அப்போது பெயர்கூட இல்லை. ரபிக்கள் இந்நூலைப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆனால் தால்முத் அதன் வரிகளை மேற்கோளாக எடுத்தாள்கிறது. சில இடங்களில் திருநூலை மேற்கோள் காட்டும் அதே சொற்களால். பிறகு எபிரேய மூலம் வழக்கிலிருந்து மறைந்து, கிரேக்கமும் சிரியாக்கும் மட்டுமே நின்றன. 1896-இல் கெய்ரோவின் பழைய தொழுகைக்கூடத்துப் பழந்தாள் அறையிலிருந்து வந்த ஓர் எபிரேயத் தாளை சீராக் என்று சாலமோன் ஷெக்டர் அடையாளம் கண்டார். அது கிரேக்கத்திலிருந்து திரும்பப் பெயர்த்ததாக இருக்கலாம் என்று சிலர் ஐயப்பட்டனர். 1964-இல் மசாதாக் கோட்டையில், உரோமருக்கு எதிராகக் கடைசிவரை நின்றவர்கள் இருந்த இடத்தில், அதே நூலின் எபிரேயச் சுருள் ஒன்றின் பகுதிகள் கிடைத்தன. கெய்ரோத் தாள்களின் பாடம் பெரும்பாலும் பழைய மூலமே என்பது அதனால் உறுதிப்பட்டது. கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டில் எழுதப்பட்ட அந்தச் சுருளில் ஒவ்வொரு செய்யுள் வரியும் இரு பாதியாகப் பிரித்து, கவிதைநடைத் திருநூல்களை எழுதும் ஒழுங்கிலேயே எழுதப்பட்டிருக்கிறது.